கடல்தரு எண்ணெய்களும் அழற்சியும்: நிர்ப்பீடனக் கலங்களில் நிகழ்வது யாது?

முன்னுரை

1841ஆம் ஆண்டில், எடின்பரோ நகர வைத்தியரான ஜோன் ஹியூஸ் பெனெற் என்பார், கொட் என்னும் வடகடல் மீனின் ஈரலிலிருந்து பெறப்படும் எண்ணெயின் மருத்துவப் பயன் குறித்து ஒரு நூலை வெளியிட்டார். அவ்வெண்ணெய் அதற்கு முன்னரே வாதநோயாளருக்கு அளிக்கப்பட்டு வந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்ரர் வைத்தியசாலையில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அது வழக்கிலிருந்தது. நான்கு ஆண்டுகளின் பின்னர், 1845இல், அதே பெனெற் குருதியில் வெண்குழியங்கள் அளவிறந்து பெருகும் ஒரு நோயை விவரித்தார். இன்று லியூக்கேமியா எனப்படுவது அந்நோயே. மீனெண்ணெயையும் வெண்குழியத்தையும் தனித்தனியே ஆராய்ந்த அவ்வைத்தியர், முன்னையது பின்னையதன் நடத்தையை மாற்றவல்லது என எண்ணுவதற்கு அக்காலத்தில் எவ்வித ஆதாரமும் இருக்கவில்லை. அத்தொடர்பு தெளிவாவதற்கு மேலும் 140 ஆண்டுகள் வேண்டியிருந்தன.

இன்று அத்தொடர்பு ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளது. ஆனால் நிறுவப்பட்ட உண்மையொன்றின்மீது நிறுவப்படாத உரிமைகோரல்கள் பல ஏற்றப்பட்டுள்ளமையும் கண்கூடு. மருந்துக் கடைகளிலே பளபளக்கும் போத்தல்களில் விற்பனையாகும் மீனெண்ணெய்க் குளிசைகள், மூட்டுவாதம் முதல் மாரடைப்பு வரை அனைத்துக்கும் பரிகாரமாகப் பேசப்படுகின்றன. ஆய்வுகூடத்தில் ஒரு கலத்தில் காணப்பட்ட விளைவு எவ்வளவு தூரம் நோயாளியின் உடலிலும் காணப்படுகின்றது என்பதே இங்கு எழும் வினா. அவ்வினாவுக்குக் கிடைத்துள்ள விடைகளை ஒழுங்குபடுத்தி நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அழற்சி என்பது

செம்மை, வீக்கம், வெப்பம், நோவு என்னும் நான்கும் அழற்சியின் குறிகள் என உரோம எழுத்தாளரான செல்சசு ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எழுதிவைத்தார். உறுப்பின் தொழிற்பாடு குன்றுதல் என்னும் ஐந்தாவது குறி பின்னர் சேர்க்கப்பட்டது. முள் தைத்த விரலில் இவ்வைந்தையும் எவரும் காணலாம்.

அழற்சி ஒரு நோயன்று என்பதை முதலில் வலியுறுத்தல் வேண்டும். அது உடலின் காப்புச் செயல். காயம்பட்ட அல்லது கிருமி புகுந்த இழையத்திலிருந்து இரசாயனச் சமிக்கைகள் வெளிப்படுகின்றன, நுண்குழாய்கள் விரிகின்றன, குருதியிலோடும் நியூத்திரோபில் என்னும் வெண்குழியங்கள் குழாய்ச் சுவரில் ஒட்டி, அதனை ஊடுருவி வெளியேறி, சமிக்கை வந்த திசை நோக்கி ஊர்ந்து செல்கின்றன. அவற்றைத் தொடர்ந்து மொனோசைற்றுக்கள் வந்து பெருந்தின்குழியங்களாக மாறுகின்றன. இக்குழியங்கள் கிருமிகளை விழுங்கி அழிப்பதோடு, புரத வகையான செய்தியாளர்களைச் சுரந்து ஏனைய கலங்களையும் அழைக்கின்றன. இன்ரர்லூக்கின்-1, ரி. என். எவ். என்பன அச்செய்தியாளருள் முதன்மையானவை. உருசிய விஞ்ஞானியான மெச்னிக்கோவ் 1882இல் மெசினாக் கடற்கரையில் நட்சத்திர மீனின் குடம்பியில் முள்ளொன்றைச் செருகி, அதனைச் சூழ்ந்துகொண்ட கலங்களை நுணுக்குக்காட்டியில் கண்டபோது, நிர்ப்பீடனவியலின் ஒரு பெரும் கிளை தோன்றிற்று எனலாம்.

செயல் முடிந்ததும் அழற்சி அடங்குதல் வேண்டும். அடங்காதவிடத்து, கிருமியை அழிக்க வேண்டிய நொதியங்களும் ஒட்சியேற்றும் பதார்த்தங்களும் உடலின் சொந்த இழையத்தையே அரிக்கத் தொடங்குகின்றன. முடக்குவாதத்தில் மூட்டின் கசியிழையம் தேய்வதும், நாடிச் சுவர்களில் கொழுப்புப் படிவுகள் புண்ணாவதும் இவ்வாறு அடங்காத அழற்சியின் பலன்களேயாம். எனவே வைத்தியத்தின் தேவை அழற்சியை இல்லாதொழிப்பதன்று. உரிய வேளையில் அதனை அடங்கச் செய்வதே.

கடலுணவிலுள்ள கொழுப்பமிலங்கள்

கொழுப்பமிலமொன்றினைக் காபன் அணுக்களாலான நீண்ட சங்கிலியாகக் கற்பனை செய்துகொள்ளலாம். அணுக்களுக்கிடையே இரட்டைப் பிணைப்புக்கள் இருப்பின் அது நிரம்பாத கொழுப்பமிலம் எனப்படும். சங்கிலியின் வால் முனையிலிருந்து எண்ணும்போது முதல் இரட்டைப் பிணைப்பு மூன்றாவது காபனில் தொடங்கினால் ஒமேகா-3 வகை. ஆறாவதில் தொடங்கினால் ஒமேகா-6 வகை. நமது உடலின் நொதியங்களால் ஒரு வகையினை மற்றையதாக மாற்ற இயலாது. இரண்டுமே உணவின் வழியாக வந்து சேரவேண்டியவை.

இக்கட்டுரைக்கு மூன்று கொழுப்பமிலங்கள் முக்கியமானவை. முதலாவது, 20 காபன்களும் நான்கு இரட்டைப் பிணைப்புக்களும் கொண்ட அரகிடோனிக் அமிலம். இது ஒமேகா-6 வகையைச் சார்ந்தது. இரண்டாவது, 20 காபன்களும் ஐந்து இரட்டைப் பிணைப்புக்களும் கொண்ட ஐக்கோசாபென்ரனோயிக் அமிலம். மூன்றாவது, 22 காபன்களும் ஆறு இரட்டைப் பிணைப்புக்களும் கொண்ட டொக்கோசாஹெக்சனோயிக் அமிலம். பின்னைய இரண்டும் ஒமேகா-3 வகையின. இவற்றை முறையே ஈ. பி. ஏ. எனவும் டி. எச். ஏ. எனவும் சுருக்கமாக வழங்குவோம்.

இவ்விரண்டையும் மீன் தானாக ஆக்கிக்கொள்வதில்லை என்பது பலர் அறியாத செய்தி. கடலில் மிதக்கும் நுண்ணிய அல்காக்களே இவற்றின் மூல உற்பத்தியாளர். அல்காவைச் சிற்றுயிர்களும், அவற்றைச் சிறுமீன்களும், சிறுமீன்களைப் பெருமீன்களும் உண்ண, இக்கொழுப்பமிலங்கள் உணவுச் சங்கிலி வழியே ஏறுகின்றன. இரட்டைப் பிணைப்புக்கள் மிகுந்த கொழுப்பு குளிரிலும் உறையாது நெகிழ்ந்து நிற்பதாகையால், குளிர்கடலில் வாழும் உயிர்களின் மென்சவ்வுகளுக்கு அது பெரிதும் பொருந்துவதாகும். தரைத் தாவரங்களிலும் 18 காபன்கள் கொண்ட ஒமேகா-3 அமிலமொன்று உண்டெனினும், மனித உடல் அதில் மிகச் சிறு பகுதியையே ஈ. பி. ஏ. ஆக மாற்றுகின்றது, டி. எச். ஏ. ஆக மாறுவது அதனினும் குறைவு.

கிரீன்லாந்திலிருந்து வந்த செய்தி

1970ஆம் ஆண்டில் ஹன்ஸ் ஒலாவ் பாங், யோர்ன் டயர்பேர்க் ஆகிய டென்மார்க்கு ஆய்வாளர் கிரீன்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள உம்மனாக் மாவட்டத்துக்குச் சென்று, சீல், திமிங்கிலம், மீன் ஆகியவற்றையே பெரிதும் உண்டு வாழ்ந்த இனூயிற்று மக்களின் குருதியைச் சேகரித்தனர். அம்மக்களின் குருதிக் கொழுப்பு டென்மார்க்கு மக்களினதைவிட வேறுபட்டிருந்ததை 1971இல் அவர்கள் வெளியிட்டனர். குருதியில் அரகிடோனிக் அமிலம் குறைந்தும் ஈ. பி. ஏ. மிகுந்தும் காணப்பட்டன. 1978இல் டயர்பேர்க்கும் பாங்கும், பிரித்தானிய விஞ்ஞானியான ஜோன் வேன் முதலியோருடன் சேர்ந்து, குருதிச் சிறுதட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதை ஈ. பி. ஏ. குறைக்கக்கூடும் என்ற கருத்தினை முன்வைத்தனர். 1980இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, உப்பெர்னவிக் மாவட்டத்தின் 1950 முதல் 1974 வரையான நோய்ப் பதிவுகளைப் பரிசீலித்து, அங்கு மாரடைப்பு மாத்திரமன்றி, அழற்சியோடு தொடர்புடைய சொரியாசிசு என்னும் தோல்நோயும் ஆஸ்துமாவும் அரிதாகவே காணப்பட்டன எனக் கூறிற்று.

இச்செய்தி உலகெங்கும் பரவிற்று. எனினும் அதன் வலுக்குறைவுகளையும் குறிப்பிடல் நேர்மையாகும். பாங்கும் டயர்பேர்க்கும் இதயநோயின் அளவைத் தாமே நேரிற் கணக்கிடவில்லை. வைத்திய வசதி குன்றிய, மக்கள் சிதறி வாழ்ந்த ஒரு நிலப்பரப்பின் அரசாங்கப் பதிவுகளையே நம்பினர். அப்பதிவுகள் இதயநோயைக் குறைத்து மதிப்பிட்டிருக்கலாமென 2014இல் கனடாவில் வெளியான மீளாய்வொன்று சுட்டிக்காட்டியது. மேலும், இனூயிற்று மக்களின் கொழுப்பமில நொதியங்களுக்குரிய பரம்பரையலகுகளே அவ்வுணவுக்கு இசையத் தெரிவு பெற்றுள்ளன என 2015இல் அறியப்பட்டது. ஒரு மக்களினம் பல தலைமுறைகளாக இசைந்துகொண்ட உணவு, வேறொரு மக்களினத்துக்கு அதே பலனைத் தரும் எனக் கொள்ள இயலாது. கிரீன்லாந்துச் செய்தி ஒரு நல்ல வினாவை எழுப்பியது. விடை கலத்தினுள்ளே தேடப்படவேண்டியிருந்தது.

மென்சவ்வினுள் நிகழும் போட்டி

1935இல் சுவீடன் விஞ்ஞானியான வொன் ஒய்லர், விந்துப் பாயத்தில் கண்ட செயற்றிறன்மிக்க பதார்த்தமொன்றுக்குப் புரொஸ்ரகிளாண்டின் எனப் பெயரிட்டார். இது அரகிடோனிக் அமிலத்திலிருந்து உண்டாகின்றதென்பது 1964இல் தெளிவாயிற்று. 1971இல் ஜோன் வேன், அஸ்பிரின் நோவையும் வீக்கத்தையும் தணிப்பது இவ்வாக்கத்தைத் தடுப்பதனாலேயே எனக் காட்டினார். 1979இல் சாமுவேல்சன் குழுவினர், வெண்குழியங்களில் அதே அமிலத்திலிருந்து உண்டாகும் மற்றொரு தொகுதியினை இனங்கண்டு லியூக்கோரையீன் எனப் பெயரிட்டனர். பேர்க்ஸ்ரொம், சாமுவேல்சன், வேன் ஆகிய மூவரும் 1982இல் நோபல் பரிசினைப் பகிர்ந்துகொண்டனர்.

இக்கண்டுபிடிப்புக்கள் மீனெண்ணெயின் செயலுக்கு விளக்கம் தந்தன. வெண்குழியத்தின் மென்சவ்வு கொழுப்பமிலங்களின் களஞ்சியமாகும். மேலைநாட்டு உணவு உண்போரின் வெண்குழியங்களில், மென்சவ்வுக் கொழுப்பமிலங்களில் ஏறக்குறைய 20 வீதம் அரகிடோனிக் அமிலம், ஈ. பி. ஏ. ஒரு வீதமளவே. குழியம் தூண்டப்படும்போது நொதியமொன்று மென்சவ்விலிருந்து கொழுப்பமிலத்தைக் கழற்றி விடுகின்றது. கழன்ற அமிலத்தின்மீது சைக்கிளோஒட்சிசனேசு என்னும் நொதியம் தாக்கினால் புரொஸ்ரகிளாண்டின்கள் உண்டாகும். 5-லிப்பொட்சிசனேசு தாக்கினால் லியூக்கோரையீன்கள் உண்டாகும். அவற்றுள் லியூக்கோரையீன் பி-4 என்பது நியூத்திரோபில்களைத் தன்பால் ஈர்ப்பதில் மிக வலிமை வாய்ந்தது.

மீனெண்ணெய் உண்டவரின் குழியங்களில் ஈ. பி. ஏ. சில நாட்களிலேயே சேரத்தொடங்கி, சில வாரங்களில் ஒரு நிலையான மட்டத்தை அடைகின்றது. அது சேருமளவுக்கு அரகிடோனிக் அமிலம் இடம்விட்டுப் பெயர்கின்றது. இரண்டும் 20 காபன் கொண்டவையாதலால் அதே நொதியங்கள் ஈ. பி. ஏ.யையும் ஏற்றுக்கொள்கின்றன. ஆயின் அதிலிருந்து பிறப்பது லியூக்கோரையீன் பி-5. இதன் ஈர்க்கும் ஆற்றல் பி-4இன் ஆற்றலில் பத்திலொன்று முதல் நூறிலொன்று வரையே. ஆக, ஈ. பி. ஏ. மூலப்பொருளின் அளவைக் குறைக்கின்றது, நொதியத்துக்காகப் போட்டியிடுகின்றது, வலுக்குறைந்த விளைபொருளைத் தருகின்றது. அஸ்பிரின் நொதியத்தையே முடக்குகின்றது. மீனெண்ணெயோ நொதியத்தை இயங்கவிட்டு அதற்குரிய மூலப்பொருளை மாற்றுகின்றது. இவ்வேறுபாடு நோக்கற்பாலது. மீனெண்ணெயின் செயல் மெதுவாகவும் மிதமாகவும் இருப்பதற்கும், வாரக்கணக்கில் உட்கொண்ட பின்னரே தோன்றுவதற்கும் இதுவே காரணம்.

மனிதரின் வெண்குழியங்களில் செய்த சோதனைகள்

மேற்கூறிய விளக்கத்தை மனிதரில் சோதித்த ஆய்வுகளுள் இரண்டு விதந்து கூறத்தக்கவை. இரண்டும் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் நிகழ்ந்தவை.

1985இல் வெளியான முதலாவது ஆய்வில், நலமுடைய எழுவர் நாளொன்றுக்கு 3.2 கிராம் ஈ. பி. ஏ.யும் 2.2 கிராம் டி. எச். ஏ.யும் ஆறு வாரம் உட்கொண்டனர். பின்னர் அவர்களது குருதியிலிருந்து பிரித்தெடுத்த நியூத்திரோபில்களும் மொனோசைற்றுக்களும் முன்னிலும் குறைந்தளவு லியூக்கோரையீன் பி-4ஐ ஆக்கின. நியூத்திரோபில்கள் சமிக்கையை நோக்கி ஊரும் திறனும், குருதிக்குழாய் அகவணிக் கலங்களில் ஒட்டும் திறனும் குன்றின.

1989இல் வெளியான இரண்டாவது ஆய்வு, வேறொரு திசையில் வியப்பளித்தது. நலமுடைய ஒன்பதின்மர் ஆறு வாரம் நாளொன்றுக்கு 18 கிராம் மீனெண்ணெய்ச் செறிவு உட்கொண்டனர். அவர்களது குழியங்களைப் பற்றீரிய நஞ்சினால் தூண்டியபோது, இன்ரர்லூக்கின்-1இன் பீற்றா வடிவம் 43 வீதத்தால் குறைந்திருந்தது. எண்ணெயை நிறுத்திப் பத்து வாரம் கழிந்த பின்னரோ, குறைவு 61 வீதமாகியது. இருபது வாரத்தின் பின்னரே பழைய நிலை மீண்டது. இன்ரர்லூக்கின்-1 ஒரு புரதமாதலின், அதன் குறைவை மூலப்பொருட் போட்டியால் மட்டும் விளக்க முடியாது. எண்ணெயின் செல்வாக்கு மென்சவ்வைக் கடந்து, புரதங்களை ஆக்கும்படி ஏவுகின்ற கருவினை எட்டியிருத்தல் வேண்டும்.

இவ்வூகம் பின்னர் உறுதிப்பட்டது. அழற்சிப் புரதங்களுக்குரிய பரம்பரையலகுகளை இயக்குவிக்கும் என். எவ். கப்பா-பி என்னும் புரதத் தொகுதி, ஒமேகா-3 அமிலங்கள் சேர்ந்த குழியங்களில் குறைவாகவே விழிப்படைகின்றது. 2010இல் கலிபோர்ணியாவில் நடந்த ஆய்வொன்று, பெருந்தின்குழியத்தின் புறப்பரப்பில் டி. எச். ஏ.யை உணரும் வாங்கியொன்றுண்டு எனவும், அவ்வாங்கி தூண்டப்படின் அழற்சிச் சமிக்கை உள்ளே கடத்தப்படாது இடையிலேயே தடைப்படுகின்றதெனவும் காட்டிற்று. அவ்வாங்கி அற்ற எலிகளில் மீனெண்ணெயின் அழற்சி தணிக்கும் பயன் தோன்றவில்லை. இவற்றோடு, ரி-வகை நிணநீர்க்குழியங்களின் மென்சவ்வில் சமிக்கைப் புரதங்கள் கூடும் சிறு திட்டுக்களை டி. எச். ஏ. குலைத்து, அக்குழியங்கள் பெருகும் வேகத்தைக் குறைப்பதும் ஆய்வுகூடச் சோதனைகளில் காணப்பட்டுள்ளது.

அழற்சியை முடித்துவைக்கும் பதார்த்தங்கள்

அழற்சி எவ்வாறு தொடங்குகின்றதென்பதே நெடுங்காலம் ஆராயப்பட்டது. அது எவ்வாறு முடிகின்றது என்பதைப் பற்றி, சமிக்கைகள் தேய்ந்து மறைய அழற்சியும் தானே ஓய்ந்துவிடும் என்ற எண்ணமே நிலவிற்று. சார்ள்ஸ் சேர்கன் என்னும் அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர் 2000ஆம் ஆண்டு தொடக்கம் வெளியிட்ட ஆய்வுகள் இவ்வெண்ணத்தை மாற்றின. அடங்கிவரும் அழற்சிக் கசிவிலே, ஈ. பி. ஏ.யிலிருந்தும் டி. எச். ஏ.யிலிருந்தும் உண்டாகும் பதார்த்தங்களை அவர்கள் கண்டனர். அவற்றுக்கு ரிசொல்வின், புரொரெக்ரின், மரசின் எனப் பெயர்கள் இடப்பட்டன. இவை நியூத்திரோபில்கள் மேலும் வருவதைத் தடுப்பதோடு, இறந்த நியூத்திரோபில்களைப் பெருந்தின்குழியங்கள் விழுங்கி அகற்றுவதையும் ஊக்குகின்றன. அழற்சி முடிவது ஒரு தேய்வன்று, அதுவும் ஒரு செயலே என்பது இதனாற் பெறப்படும் கருத்து.

விலங்குகளில் மிகச் சிறு அளவிலேயே இவை ஆற்றலுடன் செயற்படுகின்றன. ஆயினும், மீனெண்ணெய் உண்ணும் மனிதரின் உடலில் இவை பயன்தரும் அளவுக்கு உண்டாகின்றனவா என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் கருத்து வேறுபாடுண்டு. அளவிடும் முறைகளே சர்ச்சைக்குரியனவாக உள்ளன. கருத்து அழகியதென்பதனால் அது நிறுவப்பட்டதாகிவிடாது.

நோயாளியிடம் கிடைத்த விடை

இனி, நோயாளியிடம் திரும்புவோம். மீனெண்ணெயின் பயன் ஓரளவு உறுதியாகக் காணப்பட்ட நோய் முடக்குவாதமே. 1985 தொடக்கம் நடந்த பல கட்டுப்படுத்தப்பட்ட சோதனைகளில், நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 கிராம் ஈ. பி. ஏ.யும் டி. எச். ஏ.யும் மூன்று மாதமளவில் உட்கொண்டோரிடம், நோவுள்ள மூட்டுக்களின் தொகையும் காலை வேளை விறைப்பும் மிதமாகக் குறைந்தன. நோவகற்றும் மருந்துகளின் தேவையும் குறைந்தது. அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில் நடந்து 2015இல் அச்சேறிய சோதனையொன்றில், நோய் தொடங்கிய நிலையிலிருந்த நோயாளருக்கு வழக்கமான மருந்துகளோடு நாளொன்றுக்கு 5.5 கிராம் ஒமேகா-3 அளித்தபோது, அம்மருந்துகள் பலனற்றுப்போகும் நிகழ்வு குறைந்தது. ஈண்டு எண்ணெய் மருந்தின் இடத்தைப் பிடிக்கவில்லை, மருந்துக்குத் துணைநின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஏனைய நோய்களில் விடை இவ்வளவு தெளிவாக இல்லை. ஆஸ்துமா நோயாளரின் வெண்குழியங்களில் எதிர்பார்த்த மாற்றம் ஏற்பட்டபோதும், மூச்சுத்திணறல் பெரிதாகத் தணியவில்லை. கடும் நுரையீரற் பாதிப்புற்ற 272 நோயாளரில் நடந்த அமெரிக்கச் சோதனை 2011இல் வெளியாயிற்று. ஒமேகா-3 அமிலங்களுடன் வேறு சில போசணைப் பொருள்களும் சேர்த்துக் குழாய்வழி ஊட்டியபோது, குருதியில் ஈ. பி. ஏ. எட்டு மடங்கு உயர்ந்தது. ஆயினும் பயனேதும் விளையவில்லை. செயற்கைச் சுவாசமின்றியிருந்த நாட்கள் ஊட்டப்படாதோரிலும் குறைவாகவே இருந்தன. சோதனை இடைநடுவில் நிறுத்தப்பட்டது.

25,871 பேரை ஐந்தாண்டுகளுக்கு மேலாகக் கண்காணித்த அமெரிக்கச் சோதனையொன்றில், நாளொன்றுக்கு 1 கிராம் மீனெண்ணெய் அளிக்கப்பட்டது. உடல் தன்னைத்தானே தாக்கும் நோய்கள் எண்ணெய் உண்டோரில் 15 வீதம் குறைவாகத் தோன்றின என 2022இல் அறிவிக்கப்பட்டது. எனினும் அவ்வேறுபாடு தற்செயலானதாகவும் இருக்கலாமெனப் புள்ளிவிபரம் கூறிற்று. இதயநோய் பற்றிய இரு பெரும் சோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. 8,179 பேரில் நடந்து 2018இல் முடிவு அறிவிக்கப்பட்ட சோதனையில், நாளொன்றுக்கு 4 கிராம் தூய ஈ. பி. ஏ. வடிவம் இதய நிகழ்வுகளை 25 வீதத்தாற் குறைத்தது. 2020இல் வெளியான மற்றையதில், 13,078 பேருக்கு 4 கிராம் ஒமேகா-3 அளித்தும் பயனில்லை. முன்னையதில் ஒப்பீட்டுக் குழுவினருக்குக் கனிய எண்ணெயும் பின்னையதில் சோள எண்ணெயும் கொடுக்கப்பட்டன. கனிய எண்ணெயே அழற்சிக் குறிகளை உயர்த்தி, ஒப்பீட்டைத் திரித்ததோ என்னும் ஐயம் இன்றும் தீரவில்லை.

கலத்துக்கும் நோயாளிக்கும் இடையே இவ்விடைவெளி தோன்றுவது ஏன்? முதலாவதாக, கிண்ணத்திலுள்ள கலத்தின்மீது ஊற்றப்படும் அமிலத்தின் செறிவு உடலில் ஒருபோதும் தோன்றாத செறிவாக இருத்தல் கூடும். இரண்டாவதாக, வெண்குழியங்களின் நடத்தையை மாற்றுவதற்கு நாளொன்றுக்கு 2 கிராமுக்கு மேற்பட்ட ஈ. பி. ஏ.யும் டி. எச். ஏ.யும் தேவைப்படுகின்றன, 1 கிராம் எடையுள்ள சாதாரணக் குளிசையொன்றிலோ இவ்விரண்டும் சேர்ந்து 0.3 கிராம் அளவே உள்ளன. மூன்றாவதாக, அழற்சி ஒற்றை இழையால் இழுக்கப்படுவதன்று. ஒரு வழி மூடப்படின் உடல் வேறு வழிகளைக் கையாளும்.

தணிப்பதற்கும் ஒரு விலையுண்டு

நியூத்திரோபிலின் கால்களைத் தளர்த்தும் பதார்த்தம், கிருமி புகுந்த வேளையிலும் அக்கால்களைத் தளர்த்தாதா என்ற வினா நியாயமானது. எலிகளிலும் கினிப்பன்றிகளிலும் நடந்த சில சோதனைகளில், மீனெண்ணெய் மிகுந்த உணவு உண்டவை சில பற்றீரியாக்களை எதிர்ப்பதில் பின்னடைந்தன. அவற்றுக்கு ஊட்டப்பட்ட அளவு மனிதர் உண்பதிலும் மிகப் பெரிதெனினும், தொற்றுநோய் மலிந்த நாடுகளில் இவ்வெச்சரிக்கையைப் புறக்கணித்தலாகாது. நாளொன்றுக்குப் பல கிராம் உட்கொண்ட சோதனைகளில், இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நோய் அதிகரித்தமையும் பதிவாகியுள்ளது. கொட் ஈரல் எண்ணெயை அழற்சி தணிக்கும் அளவுக்கு அருந்துவோர், அதனோடு விற்றமின் ஏயையும் நச்சு அளவில் அருந்த நேரிடலாம். மேலும், இரட்டைப் பிணைப்பு மிகுந்த எண்ணெய் எளிதில் ஒட்சியேற்றமடைந்து காறல் கொள்வது. வெப்ப நாடுகளில் ஒளியும் சூடும் படும்படி வைத்து விற்கப்படும் போத்தலில், முகப்புச்சீட்டிற் கூறப்பட்ட பொருள் முழுமையாக எஞ்சியிருக்குமென்பதற்கு உறுதியில்லை.

எண்ணெயும் அதனை இழப்போரும்

இவ்வெண்ணெய் எங்கிருந்து வருகின்றது என்பதும் விஞ்ஞானத்துக்குப் புறம்பான வினாவன்று. உலகின் மீனெண்ணெயில் பெரும்பங்கு பெரு நாட்டுக் கரையில் பிடிபடும் சிறு நெத்தலியினத்திலிருந்து வந்துகொண்டிருக்கின்றது. 1970இல் 120 இலட்சம் தொன்னளவிலிருந்த அம்மீன்பிடி, மிகைப்பிடியாலும் எல் நினோ என்னும் கடல் வெப்பமாற்றத்தாலும் 1973இல் 20 இலட்சம் தொன்னுக்கும் கீழே சரிந்தது. பின்னர் அது மீண்டதெனினும், அச்சரிவு தந்த பாடம் மறைந்துவிடவில்லை. அண்மைக் காலத்தில் மொரிற்றானியா, செனகல், காம்பியா ஆகிய மேற்காபிரிக்கக் கரைகளில் எழுந்த மீன்தூள், மீனெண்ணெய்த் தொழிற்சாலைகள், அங்குள்ள எளிய மக்களின் அன்றாட உணவான சாளையினத்தை விழுங்குகின்றன. அவ்வெண்ணெயின் பெரும்பகுதி செல்வந்த நாடுகளின் மேசைக்குப் போகும் வளர்ப்பு மீன்களுக்கு உணவாகின்றது. ஒரு பகுதி குளிசையாகின்றது. ஏழையின் சட்டியிலிருந்து எடுக்கப்பட்ட கொழுப்பமிலம், வசதியுள்ளோரின் அலுமாரியில் மருந்தெனப் பெயர்பெற்று அமர்கின்றது.

நமது கரைகளில் விலைகுறைந்த மீன்களாகக் கருதப்படும் சூடை, சாளை முதலியவற்றிலும் இக்கொழுப்பமிலங்களே உள்ளன. வாரத்தில் இரண்டொரு நாள் உண்ணும் மீன்கறி வெண்குழியத்தின் மென்சவ்வுக்கு மிதமான அளவு ஈ. பி. ஏ.யையும் டி. எச். ஏ.யையும் தரும், அதனோடு புரதத்தையும் கனிப்பொருள்களையும் தரும். அது முடக்குவாதத்துக்கு மருந்தாகிவிடாது என்பதையும் உடன் சொல்லிவிடல் வேண்டும். மருத்துவ அளவு என்பது வேறு, போசணை அளவு என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுவதே விளம்பரத்தின் உத்தி.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன தெளிவாகும். கடல்தரு ஒமேகா-3 அமிலங்கள் வெண்குழியங்களின் மென்சவ்வில் இடம்பெற்று, அவற்றின் சமிக்கைகளையும் ஊர்வையும் புரதச் சுரப்பையும் மாற்றுகின்றன என்பது உறுதி. இம்மாற்றம் முடக்குவாத நோயாளருக்கு, போதிய அளவிலும் போதிய காலத்துக்கும், வைத்தியரின் மருந்துகளுக்குத் துணையாகக் கொடுக்கப்படும்போது மிதமான பயன் தருகின்றது என்பது பெரிதும் உறுதி. ஏனைய அழற்சி நோய்களில் அதன் பயன் நிறுவப்படவில்லை. கடும் நோயில் அது பயனற்றதாகவும் இருந்துள்ளது.

1841இல் எண்ணெயைப் பரிந்துரைத்த பெனெற்றிடம் அனுபவம் இருந்தது, விளக்கம் இருக்கவில்லை. இன்று நம்மிடம் விளக்கங்கள் நிறைய உள்ளன; அவ்விளக்கங்களின் கவர்ச்சியால், நோயாளியிடம் கிடைத்த விடையைச் செவிமடுக்க மறந்துவிடும் அபாயமே நமக்குரியது. ஒரு பொருள் கலத்தில் என்ன செய்கின்றது என்று கேட்பதோடு, எவ்வளவு, எவருக்கு, எந்நோயில், யாருடைய செலவில் என்று கேட்கவும் பழகிக்கொள்வோமாயின், மீனெண்ணெய் பற்றி மாத்திரமன்றி, இனி வரவிருக்கும் எல்லா அற்புத மருந்துகள் பற்றியும் நாம் ஏமாறாதிருக்க வழியுண்டு.